எலும்பு முறிந்தால் கட்டுப் போடலாம், மூச்சு முட்டினால்?

2019-ம் ஆண்டு ஜூன் மாதம் 2-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை.

திருவனந்தபுரத்தில் ஐ.ஏ.எஸ். முதல் நிலைப் பரீட்சை. ஆண்களும் பெண்களும் பேனாவும் கையுமாக அவசரம் அவசரமாக உள்ளே போய்க் கொண்டிருந்தார்கள்.

அவர்கள் நடுவே சக்கர நாற்காலியில் ஒரு பெண் வந்தார். பார்த்தால் சிறு குழந்தையைப் போன்ற உருவம். ஆனால் எம்.காம். படித்தவர். மூக்கில் மெல்லிய குழாய். குழாயின் மறு முனையில், பிராணவாயு தரும் சிறிய கருவி.

அவர் பெயர் லத்தீஷா அன்சாரி. ஊர் எருமேலி. சபரிமலைக்குப் போகும் பக்தர்கள் பேட்டை துள்ளுவார்களே, அதே எருமேலிதான்!

பிராணவாயு இல்லாமல் அவரால் உட்கார்ந்து பரீட்சை எழுத முடியாது. இதை அறிந்த கோட்டயம் மாவட்ட நிர்வாகம் உதவிக்கு வந்தது. கையோடு கொண்டு போகக்கூடிய கருவிக்கு ஏற்பாடு செய்தது. பக்கத்தில் கருவி ஓட, லத்தீஷா பரீட்சை எழுதினார்.

அவருக்கு என்ன வியாதி?

எலும்பு வியாதி! பிறவியிலேயே எலும்பு பலமில்லை. தொட்டால் முறியும், தூக்கினால் முறியும். சிறு வயதில் தந்தைதான் அவரைக் கையில் ஏந்திப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போனார்.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. எலும்பு வியாதி என்றால் கட்டுப் போடலாம். ஆபரேஷன் செய்யலாம். சக்கர நாற்காலி கொடுக்கலாம். ஆனால் மூக்கில் பிராணவாயுக் குழாய் எதற்கு? எலும்புக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. அதைத் தெரிந்து கொள்ளாததால்தான் பல குடும்பங்கள் ஏமாந்து போகின்றன.

கயிறு சொல்லும் பாடம்

இதைப் புரிந்து கொள்ளப் பெரிய வைத்தியப் புத்தகம் வேண்டியதில்லை. திருவனந்தபுரத்தில் இருந்து கடலோரமாகத் தெற்கே வந்தால், குமரி மாவட்டத்தில் தேங்காய்ப்பட்டணம் இருக்கிறது. குழித்துறைத் தாமிரபரணி கடலில் கலக்கும் ஊர். பெயரிலேயே தேங்காய் இருக்கிறது! தேங்காய் உள்ள இடத்தில் கதம்பை உண்டு. கதம்பை உள்ள இடத்தில் கயிறு உண்டு.

இந்தக் கடற்கரையில் கயிறு திரித்துப் பழகிய ஒரு பெண்ணிடம், "நல்ல கயிறு என்பது எது?" என்று கேட்டுப் பாருங்கள்.

கதம்பையைத் தண்ணீரில் ஊறப் போட வேண்டும். நன்றாக ஊறியதும் அடித்துத் தும்பு எடுக்க வேண்டும். தும்பை இழையாக்க வேண்டும். இழைகளைச் சேர்த்து முறுக்க வேண்டும். முறுக்கு ஒரே சீராக இருந்தால் கயிறு படகையே இழுக்கும். நடுவில் ஓரிடத்தில் முறுக்கு பிசகினாலும் போச்சு! பார்வைக்கு நல்ல கயிறாகத்தான் இருக்கும். பாரம் ஏறியதும் அந்த இடத்தில் அறுந்து விடும்.

நம் உடம்புக்குள்ளும் இப்படி ஒரு கயிறு இருக்கிறது. அதன் பெயர் கொலாஜன். அது ஒரு வகைப் புரதம். மூன்று பிரிகள் ஒன்றோடு ஒன்று முறுக்கிக் கொண்ட, கண்ணுக்குத் தெரியாத கயிறு!

எலும்பு என்றால் வெறும் சுண்ணாம்புச் சத்து என்று நினைக்கிறோம். அது தவறு. வெறும் சுண்ணாம்பாக இருந்தால் எலும்பு சாக்குக் கட்டி போல் உடைந்து விடும். உள்ளே இந்தக் கயிறுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அவற்றின் மேல்தான் சுண்ணாம்புச் சத்து படிகிறது. கான்கிரீட்டுக்குள் கம்பி இருப்பது போல!

கங்காருவின் வாலும் சென்னை விஞ்ஞானியும்

உடம்பின் இந்தக் கயிற்றுக்கு மூன்று பிரி என்பதை உலகத்துக்குச் சொன்னது யார் தெரியுமா? சென்னையில் வேலை செய்த நம் நாட்டு விஞ்ஞானிகள்!

ஒருவர் ஜி.என்.ராமச்சந்திரன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியர். இன்னொருவர் அவருடன் ஆராய்ச்சி செய்த கோபிநாத் கர்த்தா. ஆராய்ச்சிக்குச் சுத்தமான கொலாஜன் தேவைப்பட்டது. அது கங்காருவின் வாலில் உள்ள தசைநாரில் இருந்து கிடைத்தது. அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அதைக் கொடுத்தது. எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சிப் படம் எடுத்தார்கள். கணக்குப் போட்டார்கள். 1954-ம் ஆண்டில், "இது மூன்று பிரிக் கயிறு" என்று உலகத்துக்கு அறிவித்தார்கள்.

பிறகு வெளிநாட்டு விஞ்ஞானிகள் சில திருத்தங்கள் சொன்னார்கள். ஆனால் மூன்று பிரி என்ற அடிப்படை மாறவில்லை.

ஒரு மணி மாறினால்...

இந்தக் கயிற்றின் ஒவ்வொரு பிரியும் மணிகள் கோத்த மாலை போன்றது. முறுக்கிய பகுதியில் மட்டும் சுமார் 1,000 மணிகள். அதில் ஓர் ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு மூன்றாவது மணியும் மிகச் சின்ன மணியாக இருக்க வேண்டும். கிளைசின் என்பது அந்தச் சின்ன மணியின் பெயர். முறுக்கின் உள்பக்கத்தில் இடம் மிகவும் குறைவு. அந்தச் சின்ன மணி மட்டுமே அங்கே அடங்கும்.

அந்த இடத்தில் ஒரே ஒரு பெரிய மணி வந்து விட்டால்?

முறுக்கு பிசகி விடும்! கயிறு பலவீனமாகி விடும். கயிறு பலவீனமானால் எலும்பும் பலவீனம்தான்.

மணிகளை எந்த வரிசையில் கோக்க வேண்டும் என்ற உத்தரவு, நம் உடம்பின் மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த எழுத்தில் ஏற்படும் பிழைதான் இந்த வியாதி. ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா என்று டாக்டர்கள் சொல்லுவார்கள். நாம் 'உடையும் எலும்பு நோய்' என்று சொல்லலாம்.

15,000 முதல் 20,000 குழந்தைகளுக்கு ஒரு குழந்தை இந்த நோயுடன் பிறக்கிறது. சிலருக்கு நோய் லேசாக இருக்கும். வாழ்நாளில் நாலைந்து முறிவோடு போய் விடும். சிலருக்குத் தாயின் வயிற்றில் இருக்கும்போதே எலும்பு முறிந்திருக்கும். சிலருக்கு வெள்ளை விழி நீலமாகத் தெரியும். சிலருக்குப் பல் எளிதில் உடையும். வயது ஏறும்போது சிலருக்குக் காது மந்தமாகும்.

யார் மீது பழி?

குழந்தைக்கு அடிக்கடி எலும்பு முறிந்தால் ஊர் என்ன சொல்லும்?

"பிள்ளையை எங்கே போட்டு உடைத்தாய்?" என்று தாயைத்தான் கேட்கும். "கிரகண நேரத்தில் வெளியே வந்திருப்பாள்" என்று ஒருத்தி சொல்லுவாள். "கண்ணேறு" என்று இன்னொருத்தி சொல்லுவாள்.

இவை ஒன்றும் காரணம் அல்ல. பெரும்பாலும் இந்த எழுத்துப் பிழை, கரு உண்டாகும் நேரத்தில் தானாக ஏற்படுகிறது. தாய்க்கும் நோய் இருக்காது, தந்தைக்கும் இருக்காது. பெற்றோரில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

வேறு ஓர் அபூர்வ வகையும் இருக்கிறது. தாயும் தந்தையும் தங்களுக்குத் தெரியாமலே ஆளுக்கு ஒரு பிழையைச் சுமந்து கொண்டிருப்பார்கள். இரண்டு பிழையும் குழந்தையிடம் சேர்ந்தால் நோய் வரும். நெருங்கிய சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும்போது இந்த வகைக்கு வாய்ப்பு கூடுதல். ஒரு குழந்தைக்கு நோய் இருந்தால், அடுத்த குழந்தைக்கு முன்பாக மரபணு டாக்டரிடம் ஆலோசனை கேட்பது நல்லது.

எப்படியானாலும் பெற்றவள் மீது பழி இல்லை. இதை முதலில் மனதில் வைக்க வேண்டும்.

கயிறு எலும்பில் மட்டுமா?

இனி மூச்சு விஷயத்துக்கு வருவோம்.

நம் நெஞ்சு கொல்லனின் துருத்தி போன்றது. துருத்தி விரிந்தால் காற்று உள்ளே போகும். சுருங்கினால் காற்று வெளியே வரும். விலா எலும்புகளும் முதுகெலும்பும்தான் இந்தத் துருத்தியின் சட்டம். சட்டம் கோணினால் துருத்தி எப்படி விரியும்?

உடையும் எலும்பு நோயில் நான்கு வழிகளில் மூச்சுக்கு ஆபத்து வருகிறது.

முதல் வழி: முதுகெலும்பு வளைவது. எலும்பு மெத்தென்று இருப்பதால், உடம்பின் பாரத்தில் முதுகு பக்கவாட்டில் வளைகிறது. நெஞ்சுப் பகுதியில் வளைவு 60 டிகிரியைத் தாண்டி விட்டால் மூச்சின் அளவு மிகவும் குறைந்து விடுகிறது. 1999-ம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி இதைச் சொன்னது.

இரண்டாவது வழி: மார்புக்கூடு உருமாறுவது. சிலருக்கு நெஞ்சு புறாவின் நெஞ்சு போல் முன்னால் தள்ளும். சிலருக்கு உள்ளே குழியும். உடல் குட்டையாக இருப்பதால் நுரையீரல் விரிய இடமும் குறைவு.

மூன்றாவது வழி: விலா எலும்பு முறிவது. இருமினாலே விலா முறியக்கூடிய குழந்தைகள் உண்டு. முறிந்தால் வலி. வலித்தால் குழந்தை ஆழமாக மூச்சு விடாது, இருமவும் பயப்படும். இருமாவிட்டால் சளி வெளியே வராது. தேங்கிய சளியில் கிருமி சேரும். முடிவு நிமோனியா!

நான்காவது வழிதான் பலருக்குத் தெரியாதது. கொலாஜன் கயிறு எலும்பில் மட்டும் இல்லை. நுரையீரலிலும் அது இருக்கிறது! நுரையீரலின் மெல்லிய சுவர்களைத் தாங்கிப் பிடிப்பதில் அதற்கும் பங்கு உண்டு. எலும்பில் பிசகிய கயிறு நுரையீரலிலும் பிசகியதுதானே? முதுகு வளையாதவர்களைச் சோதித்தபோது கூட, சிலருடைய மூச்சின் அளவு குறைவாக இருந்ததை டாக்டர்கள் கண்டிருக்கிறார்கள்.

லத்தீஷாவுக்கு இன்னொரு தொல்லையும் சேர்ந்து கொண்டது. நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாய்களில் ரத்த அழுத்தம் கூடி விட்டது. அப்படிக் கூடினால், அங்கே ரத்தத்தைத் தள்ளுவதற்கு இதயம் படாத பாடு படும். இதனால்தான் அவருக்குப் பிராணவாயுக் கருவி இரவும் பகலும் தேவைப்பட்டது.

டென்மார்க் சொன்ன கணக்கு

டென்மார்க் சின்ன தேசம். ஆனால் அங்கே ஒவ்வொருவருடைய நோயும் மரணமும் பதிவாகிறது. இந்த நோய் உள்ள 687 பேரின் பதிவுகளை டாக்டர்கள் எடுத்தார்கள். நோய் இல்லாதவர்களின் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். 2016-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள்.

நோய் இல்லாத ஆண்களை விட நோய் உள்ள ஆண்களின் ஆயுள் சுமார் 9 வருடம் குறைவு. பெண்களுக்குச் சுமார் 7 வருடம் குறைவு. மரணத்துக்குக் காரணமாக அடிக்கடி காணப்பட்டவற்றில் நுரையீரல் நோயும் ஒன்று!

இதற்குள் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. அங்கே இந்த நோய் உள்ளவர்களில் பலர் எழுபது வயதைத் தாண்டி வாழ்ந்திருக்கிறார்கள். ஆகவே 'இந்தப் பிள்ளை எத்தனை நாளைக்கு?' என்று கை கழுவுவது தவறு. காப்பாற்ற வேண்டிய இடம் எது என்று தெரிந்து காப்பாற்ற வேண்டும்.

'வெறும் சளிதானே?'

வீட்டில் ஒரு பிள்ளைக்கு இந்த நோய் இருந்தால், எல்லாருடைய கண்ணும் கை கால் மீதே இருக்கும். விழுந்து விடுமோ, முறிந்து விடுமோ என்ற பயம். அது நியாயமான பயம்தான்.

ஆனால் அதே பிள்ளைக்குச் சளி பிடித்தால்? "வெறும் சளிதானே, மூன்று நாளில் போய் விடும்" என்று சும்மா இருந்து விடுகிறோம். இங்கேதான் தவறு நடக்கிறது.

மற்றப் பிள்ளைக்குச் சளி மூன்று நாள் தொல்லை. இந்தப் பிள்ளைக்கு அது உயிர்ப் பிரச்சினையாக மாறக் கூடும். குமரி மாவட்டத்துக்கு மழை இரண்டு முறை. ஜூனில் தென்மேற்குப் பருவ மழை; அக்டோபரில் வடகிழக்குப் பருவ மழை. மழைக் காலம் சளிக் காலம். அந்த மாதங்களில் கூடுதல் கவனம் தேவை.

நிமோனியாவைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. கடிகாரம் போதும். குழந்தை அழாமல் இருக்கும்போது, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் முழுவதும் எண்ணுங்கள்.

பிறந்து 2 மாதம் ஆகாத குழந்தைக்கு நிமிஷத்துக்கு 60 மூச்சு அல்லது அதற்கு மேல். 2 மாதம் முதல் 1 வயது வரை 50 அல்லது அதற்கு மேல். 1 வயது முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல். இந்தக் கணக்கை எட்டி விட்டால் அது வேக மூச்சு. தாமதம் கூடாது. டாக்டரிடம் ஓட வேண்டும்!

மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், மூக்கு விடைத்தாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், பால் குடிக்க முடியாமல் திணறினாலும் அதே அவசரம்தான்.

பெரியவர்களுக்கு வேறு அடையாளங்கள் உண்டு. காலையில் எழுந்ததும் தலைவலி. இரவு முழுவதும் தூங்கியும் பகலில் தூக்கம். உறக்கத்தில் பலத்த குறட்டை. நடுவில் மூச்சு நின்று நின்று வருவது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவது. இரவில் மூச்சு போதவில்லை என்பதற்கு இவை அறிகுறியாக இருக்கலாம். சும்மா விட்டு விடக் கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியது

அடுப்புப் புகை முதல் எதிரி. தென்னை உள்ள ஊரில் ஓலையும் கொதும்பும் சிரட்டையும் இலவச விறகு. ஆனால் அந்தப் புகை நுரையீரலுக்கு விஷம். பிள்ளையை அடுப்பங்கரையில் வைத்துக் கொண்டு சமைக்கக் கூடாது. தும்பு அடிக்கும் தூசியும் ஆகாது. வீட்டுக்குள் பீடி, சிகரெட் கூடவே கூடாது. தந்தை திண்ணையில் இருந்து பிடித்தாலும் புகை உள்ளே வரத்தான் செய்யும்.

தூக்குவதற்கு ஒரு முறை உண்டு. அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது, விலா முறியலாம். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. துணி மாற்றும்போது காலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. தலைக்கும் முதுகுக்கும் கீழே ஒரு கை, இடுப்புக்குக் கீழே ஒரு கை. அகன்ற உள்ளங்கையில் ஏந்தி எடுக்க வேண்டும்.

முக்கியமான எச்சரிக்கை இன்னொன்று. சளி கட்டினால் முதுகில் தட்டுவது நம் வழக்கம். இந்தப் பிள்ளையைத் தட்டக் கூடாது! சளி போகும் முன்னே விலா போய் விடும். சளியை வெளியேற்ற மெதுவான வழிகளை உடற்பயிற்சி நிபுணர் கற்றுக் கொடுப்பார்.

நாள் முழுவதும் ஒரே நிலையில் படுக்க வைக்கக் கூடாது. உட்கார முடிந்தால் சாய்ந்து உட்காரட்டும். ஆழமாக மூச்சை இழுத்து மெதுவாக விடும் பயிற்சி தினமும் வேண்டும். சிறு பிள்ளைக்கு இதை விளையாட்டாகக் கற்றுக் கொடுக்கலாம். சோப்பு நுரைக் குமிழி ஊதச் சொல்லலாம். பாட்டுப் பாடச் சொல்லலாம். டாக்டர் சம்மதித்தால் தண்ணீரில் பயிற்சி மிகவும் நல்லது. தண்ணீர் பாரத்தைத் தாங்கிக் கொள்ளும். எலும்புக்கு அடி படாமல் நெஞ்சின் தசைகள் பலம் பெறும்.

வீட்டில் சளி பிடித்தவர்கள், எத்தனை ஆசை இருந்தாலும், குழந்தையைக் கொஞ்சாமல் தள்ளி நிற்க வேண்டும். பாட்டியாக இருந்தாலும் சரிதான்!

ஆஸ்பத்திரியில் கேட்க வேண்டியது

எலும்பு டாக்டரைப் பார்க்கிறோம். எக்ஸ்ரே எடுக்கிறோம். கட்டுப் போட்டதும் வீட்டுக்கு வந்து விடுகிறோம். அங்கேயே இன்னொரு கேள்வி கேட்க வேண்டும்: "டாக்டர், பிள்ளையின் நுரையீரல் எப்படி இருக்கிறது?"

மூச்சை அளக்க ஸ்பைரோமீட்டர் என்ற கருவி இருக்கிறது. ஒரு குழாயில் பலமாக ஊத வேண்டும், அவ்வளவுதான். ஊசி இல்லை, வலி இல்லை. ஐந்து ஆறு வயதுப் பிள்ளைகள் சொல்லிக் கொடுத்தால் ஊதி விடுவார்கள். பிள்ளை நன்றாக இருக்கும்போதே ஒரு தடவை அளந்து வைக்க வேண்டும். பிறகு வருடந்தோறும் அளந்தால், மூச்சு குறைகிறதா என்பது முன்கூட்டியே தெரிந்து விடும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. இவ்வளவு உயரத்துக்கு இவ்வளவு மூச்சு என்று அந்தக் கருவி கணக்கிடும். குட்டையாகவும் முதுகு வளைந்தும் உள்ளவர்களுக்கு அந்தக் கணக்கு தவறிப் போகலாம். அனுபவம் உள்ள டாக்டர் அதைச் சரியாகப் பார்த்துச் சொல்லுவார்.

தடுப்பூசிகள் பற்றியும் கேளுங்கள். வழக்கமான ஊசிகளோடு, நிமோனியாக் கிருமிக்கு எதிரான ஊசி, வருடத்துக்கு ஒரு முறை ஃபுளூ காய்ச்சல் ஊசி ஆகியவை இவர்களுக்குப் பெரிய பாதுகாப்பு.

இரவில் மூச்சு போதாதவர்களுக்கு, முகமூடி வழியாகக் காற்றை அழுத்திக் கொடுக்கும் கருவி இருக்கிறது. யாருக்குப் பிராணவாயு, யாருக்கு முகமூடிக் கருவி என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். நாமே சிலிண்டர் வாங்கி வைப்பது ஆபத்து. எந்த ஆபரேஷனாக இருந்தாலும், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் நோயின் பெயரை முன்னாலேயே சொல்லி விட வேண்டும்.

மருந்து உண்டா?

எழுத்துப் பிழையை அடியோடு திருத்தும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் எலும்பைக் கெட்டிப்படுத்தும் மருந்து வந்து விட்டது. 1998-ம் ஆண்டில் கனடாவின் மாண்ட்ரியல் நகர டாக்டர்கள், நோய் கடுமையாக இருந்த 30 குழந்தைகளுக்குப் பாமிட்ரோனேட் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். எலும்பு கெட்டிப்பட்டது. முறிவுகள் குறைந்தன. அந்த இனத்து மருந்துகளே இன்று உலகெங்கும் இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படுகின்றன.

வளைந்த எலும்புக்குள் கம்பி வைத்து நிமிர்த்தும் ஆபரேஷனும் இருக்கிறது. இந்திய அரசு 2021-ல் வெளியிட்ட அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் இந்த நோயும் இடம் பெற்றிருக்கிறது.

இந்த நோயுடன் பிறந்து சாதனை செய்பவர்களும் இருக்கிறார்கள். பெங்களூரில் வசிக்கும் தன்யா ரவி இதே நோய் உள்ளவர். சக்கர நாற்காலியில் இருந்தபடியே, அரிய நோய் உள்ளவர்களுக்காகப் பேசியும் எழுதியும் வருகிறார். அதற்காக 2018-ம் ஆண்டுக்கான தேசிய விருது பெற்றார்.

எலும்புதான் உடையும். புத்தி உடையாது! ஆகவே பள்ளிக்கூடத்தை நிறுத்தக் கூடாது.

லத்தீஷா விட்டுச் சென்றது

லத்தீஷா பரீட்சை எழுதிய கதைக்கு வருவோம்.

அவர் கலெக்டர் ஆகவில்லை. அதற்குக் காலம் இடம் கொடுக்கவில்லை. பரீட்சை எழுதி இரண்டு வருடம் கழித்து, 2021-ம் ஆண்டு ஜூன் மாதம், இருபதுகளிலேயே அவர் காலமானார்.

சிறு வயது முதல் அவருடைய எலும்புகள் எத்தனையோ முறை முறிந்தன. ஒவ்வொரு முறையும் கட்டுப் போட்டுக் கொண்டு மறுபடியும் புத்தகத்தைக் கையில் எடுத்தார். முறிந்த எலும்பு அவர் படிப்பை நிறுத்தவில்லை. ஆனால் பின்னாளில் பரீட்சைக் கூடத்துக்கே பிராணவாயுக் கருவியைக் கொண்டு போக வேண்டி வந்தது.

அந்தப் படத்தைப் பத்திரிகையில் பார்த்தவர்கள் அவருடைய தைரியத்தைப் பாராட்டினார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அந்தப் படத்தில் ஓர் எச்சரிக்கையும் இருந்தது. அது மூக்கில் இருந்த அந்த மெல்லிய குழாய்.

கயிறு திரிக்கும் பெண், கயிற்றின் நுனியை மட்டும் பார்த்து விட்டு விட மாட்டாள். ஆரம்பம் முதல் கடைசி வரை விரலால் தடவிப் பார்ப்பாள். எங்கே முறுக்கு பிசகியிருக்கிறது என்று தேடுவாள்.

உடையும் எலும்போடு பிறந்த பிள்ளையையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். கையைப் பாருங்கள், காலைப் பாருங்கள். அதோடு விடாதீர்கள். பிள்ளை தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு நிமிஷம் அதன் மூச்சையும் எண்ணிப் பாருங்கள்.